எலித் தெள்ளும் இரு துறைமுகங்களும்

மும்பையில் வாழும் தமிழர்களுக்கு மாட்டுங்காவை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. அகன்ற வீதிகளும், இருமருங்கும் நிழல் தரும் மரங்களும், வட்டமாக அமைந்த ஐந்து பூங்காக்களும், பூக்கடைகளும், காப்பிக் கடைகளும் நிறைந்த அப்பகுதி, தென்னாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மவர் பலருக்கு முதல் இருப்பிடமாக விளங்கியது. தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கென்று வந்தோரும், பின்னாளில் செம்பூரில் குடியேறியோரும் மாட்டுங்காவுக்கு வந்து போகாமல் இருந்ததில்லை. இத்தகைய அகன்ற வீதிகளை நமக்கு அளித்தது யார்? ஆங்கில அதிகாரிகள் என்று சிலர் கூறுவர்; நகர அமைப்பு வல்லுநர்கள் என்று வேறு சிலர் கூறுவர். இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் அவ்வதிகாரிகளையும் வல்லுநர்களையும் அப்பணிக்குத் தூண்டிவிட்டது எள்ளளவேயான ஓர் உயிர். எலியின் உடலில் ஒட்டி வாழும் தெள்ளுப்பூச்சியே அது.

அப்பூச்சியின் வரலாற்றையும், அதன் வயிற்றில் குடிபுகுந்த கிருமியின் வரலாற்றையும் நாம் இங்கு ஆராய எண்ணுகிறோம். இதில் பம்பாய்க்கு மட்டுமன்றிச் சென்னைக்கும் பங்குண்டு. பம்பாயில் பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போன பிளேக் நோய், அதே கடலோரத் துறைமுகமான சென்னையை ஏன் ஏறக்குறைய விட்டுவிட்டது? இந்த வினாவுக்கு விடை காண ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அவ்விடையின் உட்பொருள் விளங்க மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் தானியக் கிடங்குகள் நெருங்கியிருந்தன. அங்கு வசித்த சிலருக்குக் கடுங்காய்ச்சலும் அரையிலும் அக்குளிலும் நெறிக்கட்டிகளும் தோன்றின. கோவாவைச் சேர்ந்த மருத்துவர் அகாசியோ வியெகாஸ் அவர்களைப் பரிசோதித்து, இது பிளேக் என்று துணிந்து அறிவித்தார். இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஹாங்காங்கில் இந்நோய் தலைவிரித்தாடியது. அங்கிருந்து கப்பல் வழியாக வந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. நகரத்தில் பீதி பரவியது. சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கான மக்கள் இரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் ஊரைவிட்டு ஓடினர். 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 8,21,764 ஆக இருந்த நகரின் மக்கள் தொகை 1901இல் 7,76,006 ஆகக் குறைந்தது. வளர்ந்துகொண்டே வந்த ஒரு வணிக நகரம் பத்தாண்டுகளில் சுருங்கியது என்றால், அந்நாட்களின் துயரை நாம் ஒருவாறு ஊகித்துக் கொள்ளலாம்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று நிறைவேறியது. நோய் என்பது அழுக்கிலிருந்தும் கெட்ட காற்றிலிருந்தும் எழுவது என்ற பழைய எண்ணம் அன்று மாறவில்லை. ஆகவே சாக்கடைகளில் கடல் நீரும் கார்பாலிக் திராவகமும் பாய்ச்சப்பட்டன. வீடுகளின் கூரைகள் பிரிக்கப்பட்டன. தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில் கொளுத்தப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. நோயாளி எனச் சந்தேகிக்கப்பட்டவரை உற்றாரிடமிருந்து பிரித்து மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றனர். சென்றவர் பெரும்பாலும் திரும்பவில்லை. 1896 அக்டோபரில் ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர் கூட்டம் தாக்கியது. 1898 மார்ச்சில் நகரில் பெருங்கலகம் மூண்டது. புணேயில் பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் என்பவரை 1897 ஜூன் மாதத்தில் சாபேகர் சகோதரர்கள் சுட்டதும் இக்கொதிப்பின் விளைவே.

இந்நடவடிக்கைகளை எடுத்தவர் அனைவரும் கொடியவர் அல்லர். அவர்களுட் பலர் தம் உயிரைப் பொருட்படுத்தாது உழைத்தவர்கள். ஆனால் அவர்கள் தேடிய பகைவன் வேறு. உண்மையான பகைவன் வேறு. சாக்கடையில் திராவகத்தைப் பாய்ச்சியபோது அங்கிருந்த எலிகள் வீடுகளுக்குள் ஓடியிருக்கக்கூடும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. காரணம் அறியாத கைக்கு வலிமை மிகுந்தால் அது மருந்தாகாமல் தண்டனையாக முடியும் என்பதற்கு அவ்வாண்டுகளே சான்று.

பிளேக்கின் கிருமி எது என்பது அன்று தெரியாத செய்தியன்று. 1894இல் ஹாங்காங்கில் பிரெஞ்சு விஞ்ஞானி எர்சின் அதனைக் கண்டறிந்திருந்தார். ஜப்பானிய அறிஞர் கிடசாடோவும் அதே காலத்தில் அங்கு ஆராய்ந்தார். எர்சினின் பெயராலேயே அக்கிருமி இன்று எர்சினியா பெஸ்டிஸ் என வழங்குகிறது. பம்பாய்க்கு வந்த ஹாஃப்கின் என்ற அறிஞர், கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறு அறையொன்றில் தடுப்பு மருந்து தயாரித்து, 1897 ஜனவரி 10ஆம் நாள் முதன்முதலில் தம் உடலிலேயே அதனைச் செலுத்திக்கொண்டார். கிருமி கையில் இருந்தது. தடுப்பு மருந்தும் பிறந்துவிட்டது. எனினும் அக்கிருமி எலியிடமிருந்து மனிதனிடம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பது மட்டும் புலப்படவில்லை. மண்ணிலிருந்து காலின் புண் வழியாக ஏறுகிறது என்றனர் சிலர். உணவு வழியாக என்றனர் சிலர். மூச்சுக் காற்று என்றனர் வேறு சிலர்.

இந்நிலையில் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பால் லூயி சிமோன் 1897இல் பம்பாய்க்கு வந்தார். அவர் கண் கூர்மையானது. நோயாளிகள் சிலரின் காலில் சிறு கொப்புளம் ஒன்று இருப்பதையும், அதனுள் பிளேக் கிருமி நிறைந்திருப்பதையும் அவர் கண்டார். ஏதோ ஒரு பூச்சி கடித்த இடம் அது என்று அவருக்குத் தோன்றியது. எலி இறந்து குளிர்ந்ததும் அதன் மேலிருந்த தெள்ளுக்கள் வெளியேறி வேறு உடலைத் தேடுவதும் அவர் கவனத்திற்கு வந்தது. 1898 ஜூன் 2ஆம் நாள் கராச்சியில் அவர் ஒரு சோதனை செய்தார். பிளேக் கண்ட எலியொன்றைத் தெள்ளுக்களுடன் கண்ணாடிச் சாடியில் வைத்தார். அதனைத் தொட முடியாதவாறு, கம்பி வலைக்கு அப்பால் நோயற்ற எலியொன்றை வைத்தார். முதல் எலி இறந்தது. சில நாட்களில் இரண்டாம் எலியும் பிளேக் கண்டு இறந்தது. தெள்ளு இல்லாதபோது நோய் தாவவில்லை.

இவ்வளவு தெளிவான உண்மையை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா? இல்லை. அக்காலத்தில் இந்தியாவில் அமர்ந்த பிளேக் விசாரணைக் குழு சிமோனின் கருத்தைத் தள்ளிவிட்டது. பிறர் அவர் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது எலிக்குரிய தெள்ளுக்கு மாறாக வேறு வகைத் தெள்ளுக்களைப் பயன்படுத்தியதும் குழப்பத்திற்கு ஒரு காரணமாயிற்று. தெள்ளு என்றால் எல்லாம் தெள்ளுதானே என்ற எண்ணம்! இப்பிழையை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். சென்னையின் புதிர் விடுபடும்போது இதே பிழை மீண்டும் நம்முன் வரும்.

பம்பாயில் பணியாற்றிய கிளென் லிஸ்டன் என்ற மருத்துவர் சிமோனின் கருத்துக்குப் புத்துயிர் அளித்தார். நகரின் சாளொன்றில் எலிகள் இறந்து விழத் தொடங்கியதும், அங்கு குடியிருந்தோர் தெள்ளுக்கடி தாங்காமல் வெளித் தாழ்வாரத்தில் வந்து படுத்ததை அவர் கேட்டறிந்தார். அவர்கள் உடலில் பிடித்த தெள்ளுக்களை ஆராய்ந்தபோது அவற்றுட் பல எலித் தெள்ளுக்களாக இருந்தன. மக்கள் மகிழ்ந்து உலவும் விக்டோரியா தோட்டத்து மிருகக்காட்சிசாலையில் கினிப்பன்றிகள் பிளேக்கால் மடிந்தபோதும் அவற்றின் மேல் எலித் தெள்ளுக்களே மொய்த்திருந்தன. இக்கண்டறிதல்களை அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் 1905இல் வெளியிட்டார். பறவைகளையும் விலங்குகளையும் பற்றிப் பேசும் அவ்விதழில் மனிதனின் பெருந்துயர் ஒன்றுக்கு விடை வெளிவந்தது பொருத்தமே.

அதே 1905இல் புதியதோர் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. பரேலில் பழைய கவர்னர் மாளிகையில் இருந்த ஆய்வுக்கூடமே அதன் களம். பின்னர் ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் பெற்றது அவ்விடமே. அங்குச் சிறு குடில்களைக் கட்டி, அவற்றுள் கினிப்பன்றிகளையும் தெள்ளுக்களையும் விட்டு விஞ்ஞானிகள் சோதித்தனர். நோயுற்ற விலங்கும் நலமுள்ள விலங்கும் ஒன்றாய் உண்டு உறங்கினாலும், தெள்ளு இல்லாவிடில் நோய் பரவவில்லை. தரைக்கு இரண்டு அங்குலம் மேலே தொங்கவிட்ட கூண்டிலிருந்த விலங்கு நோயுற்றது. இரண்டு அடி உயரத்தில் தொங்கிய கூண்டிலிருந்தது தப்பியது. எலித் தெள்ளு ஏறத்தாழ நான்கு அங்குலத்திற்கு மேல் தாவ மாட்டாது என்பதே அதன் காரணம். காற்று குற்றவாளி என்றால் இரண்டு அடி உயரம் அதனைத் தடுத்திருக்குமா? ஒரு கூண்டையும் ஒரு கயிற்றையும் கொண்டு நூற்றாண்டு காலத்து ஐயத்தைத் தீர்த்த எளிமை நம்மை வியக்க வைக்கிறது.

குழுவினர் நகரெங்கும் பிடிபட்ட எலிகளை ஒரு லட்சத்திற்கும் மேல் அறுத்துப் பார்த்தனர். அதில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. முதலில் சாக்கடையில் வாழும் பழுப்பு எலிகளிடம் நோய் தோன்றும். ஏறத்தாழ பத்து நாள் கழித்து வீட்டுக் கறுப்பு எலிகளிடம் காணும். அதற்கும் பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மனிதரிடம் காணும். ஆகவே வீட்டில் எலி செத்து விழுவது ஓர் எச்சரிக்கை. ஊரைவிட்டு வெளியேறு என்று நம் கிராமத்துப் பெரியோர் கூறியது மூடநம்பிக்கையன்று, பட்டறிவு என்பதும் இதனால் விளங்கிற்று.

இனிச் சென்னையின் புதிருக்கு வருவோம். பிளேக் முப்பது ஆண்டுகளுக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பம்பாய் மாகாணமும் பஞ்சாபும் பெரிதும் பாழாயின. ஆனால் சென்னை நகரமும் தமிழகத்தின் கீழைச் சமவெளியும் பெரும்பாலும் தப்பின. நோயுற்றவர் சிலர் சென்னைக்கு வந்ததுண்டு. அந்நோய் அங்குப் பற்றிப் படரவில்லை. எலிகள் இல்லையா என்றால், சென்னையில் எலிகளுக்குப் பஞ்சமில்லை. அழுக்கும் நெருக்கமும் இல்லையா என்றால், அவற்றுக்கும் குறைவில்லை. ஆனால் மேற்கே கோயம்புத்தூரிலும் சேலத்திலும், நீலகிரியிலும், மதுரை மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் பிளேக் வந்தது, தங்கியும் விட்டது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் கோயில்கள் உண்டு. அம்மை நோய்க்கு அன்னையைச் சரணடைந்த மக்கள், புதிதாய் வந்த கொடுநோய்க்கும் அவளையே சரணடைந்தனர். தமிழ் நிலம் ஒன்றாயிருக்க, மேற்கில் மாரியம்மனுக்குப் புதுப்பெயர் சூட்டுமளவு துயரும், கிழக்கில் ஏறத்தாழ அமைதியும் நிலவுவானேன்?

இப்புதிரின் திறவுகோல் கொழும்பில் கிடைத்தது. கொழும்பு நகராட்சியின் கிருமி ஆராய்ச்சியாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் 1913இல் அங்குள்ள எலித் தெள்ளுக்களை உருப்பெருக்கியில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். அவை பம்பாய்த் தெள்ளுக்களைப் போன்றே தோன்றின. ஆனால் அவை வேறு இனம் என்று கண்டார். பம்பாயின் தெள்ளு ஸெனோப்சில்லா கியோப்பிஸ். சூடானில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1903இல் அதனை விவரித்த சார்லஸ் ராத்சைல்ட், பிரமிடு கட்டிய எகிப்து மன்னனின் பெயரை அதற்கு இட்டார். கொழும்பின் தெள்ளு ஸெனோப்சில்லா அஸ்தியா. அதே ராத்சைல்ட் 1911இல்தான் இதனைத் தனி இனமாகப் பிரித்திருந்தார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெண் தெள்ளின் வயிற்றினுள் விந்தைத் தேக்கி வைக்கும் நுண்ணிய பையின் வடிவம் போன்ற சிறுசிறு உறுப்புகளில் அடங்கியிருக்கிறது. வெறுங்கண்ணால் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

சென்னையிலும் அஸ்தியாவே மிகுதி என்று தெரியவந்தபோது ஹர்ஸ்ட் ஒரு கருத்தை முன்வைத்தார். பிளேக்கைப் பரப்புவதில் கியோப்பிஸ் வல்லது, அஸ்தியா மந்தமானது, ஆகவே அஸ்தியா ஆளும் ஊர்களில் பிளேக் வேரூன்றாது என்பதே அது. அடுத்த ஆண்டே, 1914இல், பிளேக் கொழும்புக்கு வந்தது. அவர் கருத்து பொய்த்ததோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் நோய் நகரெங்கும் பரவாமல், இறக்குமதித் தானியக் கிடங்குகள் இருந்த பகுதியையே சுற்றிச் சுற்றி வந்தது. அங்கு தேடியபோது கியோப்பிஸ் தெள்ளுக்கள் அகப்பட்டன. தானியத் தூசியில் அதன் புழுக்கள் நன்கு வளரும். மூட்டைகளோடு அவை கப்பலேறி வரும். பம்பாயில் நோய் தொடங்கிய மாண்ட்வியும் தானியக் கிடங்குகளின் இடமே என்பதை நாம் இங்கு மறந்துவிடலாகாது.

பின்னர் 1920களில் கிராக் என்பவர் இந்தியா முழுவதும் எலித் தெள்ளுக்களைக் கணக்கெடுத்தார். கிங், சி. ஜி. பண்டிட் ஆகிய இருவரும் சென்னை மாகாணத்தின் தெள்ளுக்களை ஆராய்ந்து 1931இல் அறிக்கை வெளியிட்டனர். வெப்பம் மிகுந்த கீழைச் சமவெளியில் அஸ்தியாவும், குளிர்ந்த மேட்டு நிலங்களில் கியோப்பிஸும் மிகுந்திருந்தன. பிளேக் நிலைத்த ஊர்களும் கியோப்பிஸ் மிகுந்த ஊர்களும் பெரும்பாலும் ஒன்றாக அமைந்தன. தெள்ளின் இனம் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது, தட்பவெப்பமும் துணைநின்றது. எவ்வாறாயினும், தமிழகத்துச் சமவெளியைக் காத்தவற்றுள் தெள்ளின் ஒரு மயிரிழை வேறுபாடும் ஒன்று. நம் முன்னோர் பலர் உயிர் தப்பியதும், அதன் பயனாய் நாம் இன்று இருப்பதும் அவ்வேறுபாட்டுக்கு ஓரளவு கடன்பட்டவை.

கியோப்பிஸ் ஏன் வல்லது? 1914இல் லண்டனில் பேக்காட், மார்ட்டின் என்ற இருவரும் இதனை விளக்கினர். பிளேக் கிருமி தெள்ளின் இரைப்பைக்கு முன்னுள்ள குறுகிய வாயிலில் பல்கித் திரண்டு அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட தெள்ளுக்கு இரத்தம் உள்ளே இறங்காது. பசி தாங்காமல் அது மீண்டும் மீண்டும் கடிக்கும். உறிஞ்சிய இரத்தம் அடைப்பில் மோதிக் கிருமிகளுடன் திரும்பிப் புண்ணிலேயே விழும். அப்பூச்சி பசியால் மடிகிறது. மடியுமுன் நோயை விதைத்துச் செல்கிறது. இவ்வடைப்பு கியோப்பிஸில் எளிதில் உண்டாகிறது. அஸ்தியாவில் அவ்வளவு எளிதில் உண்டாவதில்லை. வெப்பம் மிகுந்தால் அடைப்பும் கலைந்துவிடும். பம்பாயில் பிளேக் குளிர்காலத்தில் எழுந்து, கோடையின் உச்சியில் அடங்கி வந்ததன் மர்மம் இதில் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

இதுவரை கூறியது பழைய விஞ்ஞானம். இதன்மேல் மரபணு ஆராய்ச்சி பாய்ச்சிய ஒளியை இனிக் காண்போம். 1996இல் அமெரிக்க விஞ்ஞானிகள், இவ்வடைப்பை உண்டாக்குவது கிருமியின் ஒரு குறிப்பிட்ட மரபணுத் தொகுதியே என்று காட்டினர். அத்தொகுதி பிசின் போன்ற ஒரு படலத்தைச் சுரக்கச் செய்கிறது. கிருமிகள் அதனுள் ஒட்டிக் கட்டியாகின்றன. தெள்ளின் குளிர்ந்த வயிற்றில் இப்பிசின் சுரக்கும். மனித உடலின் 37 பாகை வெப்பத்தில் நின்றுவிடும். பூச்சியினுள் ஒரு வேடம், மனிதனுள் மற்றொரு வேடம்! 2002இல் மற்றொரு மரபணுவின் பணி விளங்கிற்று. தெள்ளின் குடலில் இரத்தம் செரிக்கும்போது கிருமி அழிந்து போகாமல் அது காக்கிறது. அம்மரபணு கிருமியின் முதன்மை இழையில் இல்லை. எளிதில் கைமாறக்கூடிய சிறு வளையமொன்றில் இருக்கிறது. வேறொரு கிருமியிடமிருந்து கடனாக வந்தது என்பதே இதன் பொருள்.

2001இல் பிளேக் கிருமியின் மரபுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ நாலாயிரம் மரபணுக்கள் இருந்தன. அவற்றுள் நூற்றைம்பது அளவில் சிதைந்து செயலிழந்தவை. இக்கிருமியின் முன்னோர் வயிற்றுக் கோளாறு மட்டுமே தரும் ஓர் எளிய குடற்கிருமி. உணவிலும் நீரிலும் பரவும் அம்முன்னோர், தெள்ளின் குடலில் நஞ்சாகித் தெள்ளைக் கொன்றுவிடும். தெள்ளைக் கொல்லும் அத்திறனுக்குரிய மரபணு ஒன்று சிதைந்தது. பிசின் சுரப்பை அடக்கி வைத்திருந்த வேறு சில மரபணுக்களும் சிதைந்தன. கடன் வாங்கிய ஒன்றும், இழந்த சிலவும் சேர்ந்து ஒரு குடற்கிருமியைக் கொள்ளை நோயாக மாற்றிவிட்டன என்று 2014இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இழப்பும் வலிமையாகக் கூடும் என்ற விந்தையை இங்கு காண்கிறோம். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புக்கூடுகளின் பற்களில் கிடைத்த கிருமியின் எச்சத்தில் அக்கடன் மரபணு இல்லை என்று 2015இல் தெரிந்தது. ஆகவே அன்று மனிதரைத் தாக்கிய பிளேக், தெள்ளின் துணையை இன்று போல் பெற்றிருக்கவில்லை.

பூச்சியின் உடலில் வாழும் கிருமிகள் எல்லாம் இத்தகைய பகைவர் அல்லர். இரத்தத்தை மட்டும் உண்டு வாழும் பூச்சிக்குச் சில வைட்டமின்கள் போதா. அக்குறையைத் தீர்க்க அவை கிருமிகளையே உடலில் வளர்க்கின்றன. பம்பாய்ச் சாள்களில் உறங்கியோர் நன்கறிந்த மூட்டைப்பூச்சிக்கு வால்பாக்கியா என்ற கிருமி பி வைட்டமின்களை ஆக்கித் தருகிறது என்று 2010இல் ஜப்பானியர் கண்டனர். தலைப்பேனுக்கும் அவ்வாறே ஒரு தோழமைக் கிருமி உண்டு. பூனைத் தெள்ளில் இருவகை வால்பாக்கியா இருப்பதும், அவற்றுள் ஒன்றிடம் பயோட்டின் ஆக்கும் மரபணுக்கள் இருப்பதும் 2020இல் தெரியவந்தன. இத்தோழர்கள் தாயின் முட்டை வழியாகக் குஞ்சுக்குச் செல்கின்றனர். தாய் மடிந்தால் தோழனும் மடிவான். ஆகவே அதனைக் காப்பது அவனுக்கு நன்மை. பிளேக் கிருமியோ தாய் வழிச் செல்லாமல், கடித்த வழியில் அயலானிடம் செல்வது. தான் தங்கிய தெள்ளு பட்டினியால் மடிந்தாலும் அதற்குக் கவலையில்லை. குடும்பத்துள் தங்கும் உறவுக்கும், வழிப்போக்கனின் உறவுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இத்தோழமையை மனிதன் தனக்கு உதவியாகவும் கொண்டான். வால்பாக்கியா 1924இல் கொசுவின் உடலில் முதன்முதலில் காணப்பட்டது. அக்கிருமி உடைய ஆண் கொசு, அது இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டைகள் பொரிப்பதில்லை. 1967இல் பர்மாவின் ஒக்போ கிராமத்தில் லாவன் என்ற அறிஞர் இவ்வகைப் பொருந்தாமையைக் கொண்டே யானைக்கால் நோய்க் கொசுவை ஒழித்துக் காட்டினார்; அதற்குக் காரணம் வால்பாக்கியாவே என்பது சில ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. நம் புதுச்சேரியிலுள்ள கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையமும், டெங்குவைப் பரப்ப மாட்டாத வால்பாக்கியாக் கொசு வகைகளை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது.

பிளேக்கை உலகம் மறந்திருந்த காலத்தில், 1994இல், சூரத் நகரில் அது மீண்டும் தலைகாட்டியது. மக்கள் இரயில் நிலையங்களில் முண்டியடித்து ஓடினர். மும்பையிலும் அச்சம் பரவியது. அது பிளேக்தானா என்றே அறிஞர்கள் வாதிட்டனர். ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தினர் கிருமியின் மரபணு எழுத்துக்களைப் படித்து, அது எர்சினியா பெஸ்டிஸே என்று 2000இல் நிறுவினர். 1896இல் மருத்துவர் வியெகாஸ் கண்ணையும் கையையும் கொண்டு அறிந்ததை, நூறாண்டுக்குப் பின் மரபணு உறுதி செய்தது. ஓட்டமும் பீதியும் மட்டும் இரு காலத்திலும் ஒன்றாகவே இருந்தன.

இனி மாட்டுங்காவுக்குத் திரும்புவோம். பிளேக்கின் அதிர்ச்சியால் 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றியது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்துக் காற்றோட்டமான வீதிகளை அமைப்பது அதன் நோக்கம். தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அது வகுத்த திட்டங்களின் பயனே இன்றைய அகன்ற தெருக்களும் பூங்காக்களும். அவ்வீதிகளில் குடியேறிய தென்னாட்டார் பள்ளிகளையும் சங்கங்களையும் கண்டனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் எழுந்தது. நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்ற தவறான கொள்கையால் பிறந்த வீதிகள்தாம் அவை. எனினும் ஒளியும் காற்றும் நல்லவையே ஆதலால், தவற்றிலும் ஒரு நன்மை விளைந்தது. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழைகள் அனைவருக்கும் புது வீடு கிடைக்கவில்லை. அவர்கள் வேறு நெருக்கங்களில் ஒதுங்கினர். சதுப்பு நிலத்தோரம் தாராவி வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர் அங்குத் தோல் பதனிட்டுப் பிழைத்தனர். ஒரே நகரத்தின் ஒளியும் நிழலும் அருகருகே நின்றன.

2020இல் கோவிட் வந்தபோது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் கையாளப்பட்டது. தாராவியின் மீது நாடு முழுவதும் கண் வைத்தது. நோய் வந்தவுடன் ஏழையின் குடிசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் நம்மிடம் எளிதில் மறைவதில்லை. மாண்ட்வியின் தொழிலாளி கொளுத்தப்பட்ட தன் பாயையும் தலையணையையும் பார்த்து நின்றபோது, குற்றவாளி அவன் காலடியில் நான்கு அங்குலம் தாவிக்கொண்டிருந்தது. அதனைக் கண்டுபிடித்தவர், பாயைக் கொளுத்தியவர் அல்லர். கொப்புளத்தைக் குனிந்து பார்த்தவர், கூண்டைக் கயிற்றில் தொங்கவிட்டவர், தெள்ளின் நுண்ணிய பையை உருப்பெருக்கியில் பார்த்தவர். எல்லாத் தெள்ளும் ஒன்றே என்று எண்ணாத அந்தப் பொறுமைதான் அறிவின் முதற்படி. எல்லா ஏழைகளும் நோயின் உறைவிடம் என்று எண்ணாத பொறுமையும் அதனோடு சேருமாயின், அடுத்த கொள்ளைநோய் வரும்போது நாம் கொளுத்துவதும் குறையும், காப்பதும் கூடும்.